கைவாகு பிறவியா, பழக்கமா?



ஒருவர் வார்த்த பீங்கான் பிள்ளையார் சூளையிலிருந்து முகம் கோணாமல் வருகிறார். பக்கத்தில் இருப்பவர் வார்த்த பிள்ளையாருக்குக் காதோரம் விரிசல். மண் ஒன்று, அச்சு ஒன்று, சூடும் ஒன்று. உடனே சொல்லிவிடுகிறோம், ‘அவருக்குப் பிறவியிலேயே கைவாகு’ என்று. இது எவ்வளவு தூரம் சரி? விருத்தாசலத்துப் பீங்கான் வேலையை வைத்தே பார்த்துவிடலாம்.

விருத்தகிரீசுவரர் கோயிலுக்கும் மணிமுத்தாற்றுக்கும் பேர்போன ஊர் இது. பீங்கானுக்கும் பேர்போனதற்குக் காரணம், பக்கத்தில் இருக்கும் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்குத் தோண்டும் இடத்திலேயே வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. ஃபியூஸ் கட்டை, அகல்விளக்கு, கொலு பொம்மை என்று இங்கிருந்து போகாத சரக்கு குறைவு. செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது.

இப்போது அந்தக் காது விரிசலுக்கு வருவோம். பொம்மை வார்க்கும் அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது. களிமண், பாறைத்தூள் எல்லாம் கலந்த கூழை அதில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்சுவரில் மண் ஏடாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். சீக்கிரம் கவிழ்த்தால் பொம்மை துவண்டுவிடும். பிறகு அச்சைப் பிரிக்கும் நேரம். அதைத் தள்ளிப்போட்டால் மண் சுருங்கும், அச்சு சுருங்காது. அந்த இழுபறியில் துதிக்கையும் காதும் விரிசல் விடும். கடிகாரத்தை நம்பவும் முடியாது. ஐப்பசி மழையில் அச்சு ஈரமாகவே இருக்கும், உறிஞ்சும் வேகம் குறையும். சித்திரை வெயிலில் கணக்கே வேறு. வார்ப்பவர் அச்சின் வாயில் படிந்த மண்ணைப் பார்த்து, விரலால் தொட்டு முடிவு செய்கிறார். நாம் பிறவிக் கைவாகு என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தொடுகையைத்தான். ஆயிரம் அச்சுகளைப் பிரித்த விரலுக்குத்தான் அது தெரியும்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று சித்திரத்தையும் தமிழையும் கல்வியையும் பழக்கத்தின் கணக்கில் சேர்க்கிறது. நட்பு, தயை, கொடை ஆகியவற்றை மட்டுமே பிறவிக் குணமாக விடுகிறது. கலையில் பிறவிக்குப் பெரிய இடம் தரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பீங்கான் வேலையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1730இல் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் பெரியம்மை கண்டு முழங்கால் பழுதுபட்டது. சக்கரத்தை மிதித்துச் சுழற்ற முடியாமல் போயிற்று. பரம்பரைக் கைவாகு இருந்திருந்தாலும் அதைக் காட்ட வழியில்லை. அவர் மண்ணையும் மெருகையும் சோதிப்பதில் இறங்கினார். ஜாஸ்பர் என்ற பீங்கான் வகைக்காக ஆயிரக்கணக்கான மாதிரித் துண்டுகளைச் சுட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, குறிப்பு எழுதி வைத்தார். சூளையின் உள்சூட்டை அளக்க ஒரு கருவியும் கண்டார். 1783இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. தோற்றுப்போன துண்டையும் எறியாமல் எண் போட்டு வைத்த அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

‘அப்படியானால் கணிதமேதை இராமானுஜன்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர் படித்த, கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் எத்தனையோ மாணவர் கையில் கிடைத்திருக்கும். இராமானுஜன் ஆனவர் ஒருவர்தான். பிறவியில் ஏதோ இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் 1910இல் அவர் விருத்தாசலம் இருந்த அதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கு வந்தது, குமாஸ்தா வேலை கேட்டு. அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியதும் அவருக்கு விஷயம் விளங்கியது. தாலுகா வேலை கொடுக்காமல், சென்னைக் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கணிதம் தெரியாத அதிகாரி அந்த நாற்காலியில் இருந்திருந்தால், இரக்கப்பட்டு வேலையே கொடுத்திருப்பார். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிறவித் திறமை சிலருக்கு உண்டு. ஆனால் யாருக்கு உண்டு என்பதை வேலையைக் கையில் கொடுக்காமல் கண்டுபிடிக்க முடியாது. நம் பொம்மைக் கூடங்களில் பெண்கள் பலர், அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் விளிம்பைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, வண்ணம் தீட்டுகிறார்கள். பொம்மையின் மூக்கு எங்கே மழுங்குகிறது, மடிப்பு எங்கே தேய்கிறது என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? கூடம் நடத்துகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த கொலுவுக்கு ஒரு புது பொம்மையின் மூல உருவத்தை அவர்களில் ஒருவரை வனையச் சொல்லுங்கள். முதல் உருவம் கோணினால் இரண்டாவதுக்கும் மண் கொடுங்கள்.