வகைக்கெழு பூஜ்ஜியம் ஆன பிறகு

கையெட்டும் தூரத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை; இன்று வரும் எண்கள் பெரும்பாலும் சின்ன எண்கள்தான்.

பள்ளியில் வகை நுண்கணிதம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சார்பைக் கொடுத்து, அதன் பெருமம் எங்கே, சிறுமம் எங்கே என்று கேட்பார்கள். அதையே இன்று தலைகீழாகக் கேட்போம். வளைகோடு திரும்பும் இடம் தெரியும், அங்கே சார்பின் மதிப்பும் தெரியும். சார்புக்குள் இருக்கும் இரண்டு கெழுக்கள் மட்டும் தெரியாது. அவற்றைப் பிடிக்க வேண்டும்.

இதற்கு வழி காட்டியவர் பியர் த ஃபெர்மா. பிரான்சின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே கணிதம் செய்தவர். வளைகோடு உச்சத்தில் திரும்பும்போது, அந்த இடத்தை விட்டு இம்மியளவு நகர்ந்தாலும் மதிப்பு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது என்பதை 1630களில் அவர் ஒரு முறையாகவே ஆக்கினார். 1684இல் லைப்னிட்ஸ் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு நாம் அதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்: திரும்பும் இடத்தில் வகைக்கெழு பூஜ்ஜியம்.

ஆக, ஒரு திரும்புமிடம் நமக்கு இரண்டு செய்தி தருகிறது. மதிப்பு இவ்வளவு, சாய்வு பூஜ்ஜியம். தெரியாத கெழு இரண்டு, சமன்பாடும் இரண்டு.

செய்தே பார்க்கலாம். எக்ஸ் கனம், அதோடு ஏ மடங்கு எக்ஸ் வர்க்கம், பி மடங்கு எக்ஸ் இரண்டையும் கூட்டுங்கள், கடைசியில் ஏ வர்க்கத்தைக் கழியுங்கள். இதுதான் சார்பு. எக்ஸ் 1 ஆகும்போது இதற்கு இடஞ்சார்ந்த பெருமமோ சிறுமமோ உண்டு, அங்கே மதிப்பு மைனஸ் 8 என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஏ எவ்வளவு, பி எவ்வளவு?

வகையிட்டு, எக்ஸுக்கு 1 போட்டால், 3, 2 ஏ, பி மூன்றும் சேர்ந்து பூஜ்ஜியம். அப்படியானால் பி என்பது மைனஸ் 3, மைனஸ் 2 ஏ. இதை மதிப்புக்கான சமன்பாட்டில் போட்டால் பி மறைந்து ஓர் இருபடிச் சமன்பாடு மிஞ்சும்: ஏ வர்க்கம், கூட்டல் ஏ, கழித்தல் 6, சமம் பூஜ்ஜியம். ஏ-க்கு இரண்டு விடை. ஒன்று 2, அப்போது பி மைனஸ் 7. மற்றது மைனஸ் 3. அப்போது பி 3. இரண்டுமே சமன்பாடுகளுக்குப் பொருந்துகின்றன.

இங்கேயே விடையை எழுதி அடிக்கோடு போட்டுவிடுகிற மாணவர்கள் நிறைய. கணக்கின் உயிர் இதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது என்பேன்.

முதல் ஜோடியை எடுங்கள். வகைக்கெழு, எக்ஸ் 0 ஆகும்போது மைனஸ் 7. எக்ஸ் 2 ஆகும்போது 13. இடையில் அது பூஜ்ஜியமாவது 1இல் மட்டும்தான். கோடு இறங்கி வந்து 1இல் திரும்பி ஏறுகிறது; அது சிறுமம். இரண்டாவது ஜோடியில் 0இல் வகைக்கெழு 3, 2இலும் 3. உண்மையில் அந்த வகைக்கெழு, எக்ஸ் கழித்தல் 1 என்பதன் வர்க்கத்தைப் போல 3 மடங்கு. வர்க்கம் எப்படிக் குறை எண்ணாகும்? கோடு ஏறிக்கொண்டே வந்து, 1இல் ஒரு கணம் சாய்வில்லாமல் நின்று, மறுபடி ஏறுகிறது. மலைக்கோயில் படியேறுகையில் நடுவே சமதளம் வந்தால் மூச்சு வாங்கிக்கொள்கிறோம், ஆனால் அது உச்சியாகாது. அதுபோலத்தான் இதுவும், வெறும் வளைவு மாற்றப் புள்ளி. எனவே ஏ 2, பி மைனஸ் 7 மட்டுமே விடை.

மைனஸ் 8ஐ மைனஸ் 14 ஆக்கினால் இன்னும் சுவையாகிறது. இப்போது ஏ 3, பி மைனஸ் 9 ஒரு விடை. ஏ மைனஸ் 4, பி 5 இன்னொன்று. இந்த இரண்டாவது விடையை முன்போலவே 0இலும் 2இலும் சோதித்தால் வகைக்கெழு 5, 1 என்று இரண்டும் மிகை எண்களாக வரும். அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். எக்ஸ் ஒன்றரையில் அது மைனஸ் கால்! ஐந்தை மூன்றால் வகுத்த இடத்தில், அதாவது 5/3இல், வகைக்கெழு இன்னொரு முறை பூஜ்ஜியமாகிறது; 2 என்பது அந்தத் திருப்பத்தையும் தாண்டிய இடம். பக்கத்தில் சோதிக்க வேண்டும் என்றால், உண்மையிலேயே ஒட்டிய பக்கத்தில். ஆக இந்த முறை இரண்டு விடையும் சரி: ஒன்றில் 1 சிறுமம், மற்றதில் பெருமம்.

இது தேர்வுத் தாளோடு முடிகிற வித்தை அல்ல. ஆர்கான் வாயுவின் இரண்டு அணுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். மிக நெருங்கினால் விலக்கிக்கொள்ளும், சற்றுத் தள்ளினால் ஈர்க்கும். இந்த ஆற்றலுக்கு லெனார்ட்-ஜோன்ஸ் பெயரால் வழங்கும் வாய்பாட்டில் இரண்டு உறுப்புகள்: தொலைவின் 12ஆம் அடுக்கால் வகுத்த விலக்கல், 6ஆம் அடுக்கால் வகுத்த ஈர்ப்பு. இவற்றின் கெழுக்களை நேரடியாக அளக்க முடியாது. ஆனால் வாயுவின் நடத்தையை அளந்து, ஆற்றலின் சிறுமம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று கணிக்கலாம்: தொலைவு சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம், ஆழம் சுமார் 0.01 எலெக்ட்ரான் வோல்ட்.

வகைக்கெழுவைப் பூஜ்ஜியமாக்கினால், அந்தத் தொலைவின் 6ஆம் அடுக்கு, விலக்கல் கெழுவின் இரு மடங்கை ஈர்ப்புக் கெழுவால் வகுத்ததற்குச் சமம். அதை ஆழத்தோடு பெருக்குங்கள். விலக்கல் கெழு அடிபட்டுப்போய், ஈர்ப்புக் கெழுவில் சரிபாதி கையில் நிற்கும். ஒன்று கிடைத்துவிட்டால் மற்றது தானே வரும். இங்கே வகைக்கெழு பூஜ்ஜியமாகும் தொலைவு ஒன்றே ஒன்று. அதனால் அதன் இருபுறமும் எவ்வளவு தள்ளிப்போய்ச் சோதித்தாலும், உள்ளே இறக்கம், வெளியே ஏற்றம் என்ற ஒரே பதில்தான் வரும்.