கட்டிப் போட்டால் சுமை. ஏரில் பூட்டினால் சொத்து!

(தலைப்பு: பெரும் போட்டி முடிந்தபின் விளையாட்டரங்கம் ஊருக்குச் சொத்தா? சுமையா? காங்கேயம் மேடையில் ‘சொத்தே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதைப் பார்த்தாலும் சுமையாகவே பார்க்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரிசி ஆலைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் காளைக்கும் பேர் போன காங்கேயத்துப் பெருமக்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, பத்து நிமிஷத்தில் உலகத்தையே சுற்றிக் காட்டிவிட்டார்கள். 1976 ஒலிம்பிக்குக்கு மாண்ட்ரியலில் கட்டின அரங்கத்தின் கடனை அடைச்சு முடிக்க 2006 ஆச்சு, சிகரெட்டுக்கு வரி போட்டு அடைச்சாங்க என்றார்கள். 2014 உலகக் கோப்பைக்கு பிரேசிலின் தலைநகரில் கட்டின அரங்கத்தில், அடுத்த வருஷமே பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க என்றார்கள். அத்தனையும் உண்மைதானுங்க. நான் மறுக்கல.

ஆனா நடுவர் அவர்களே, நான் ஒண்ணு கேக்கறேன். இது காங்கேயம். காளையைப் பத்தி இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, ஊரைச் சுத்திக் கூட்டிவந்து, அப்புறம் வருஷம் பூராவும் கட்டுத்தறியிலேயே கட்டி வெச்சா, அந்தக் காளை சொத்தா, சுமையா? சுமைதான்! தீவனச் செலவுதான் மிச்சம்! அதே காளையை ஏர்ல பூட்டுங்க, வண்டியில பூட்டுங்க. குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். தப்பு காளை மேலயா, கட்டிப் போட்டவர் மேலயா? (கைதட்டல்)

அந்த அம்மா சொன்னதெல்லாம் கட்டிப் போட்ட காளைங்க. நான் ஏர்ல பூட்டின காளையைக் காட்டறேன்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பின்னால இருக்கே நேரு ஸ்டேடியம், அதன் கதையைக் கேளுங்க. அங்கே முன்னால் இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிரா முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவிச்ச மண் அது. 2008 வரைக்கும் அந்த உலக சாதனையை யாராலும் உடைக்க முடியல. அப்புறம் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போயிடுச்சு. இடம் வீணாப் போச்சா? 1993-ல் அதே இடத்தில் புது அரங்கம் எழுந்தது. அந்த வருஷமே நேரு கோப்பைக் கால்பந்து. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. அதோட முடிஞ்சுதா? 2014-லிருந்து சென்னையின் எஃப்.சி. அணிக்கு அதுதான் தாய்வீடு. பக்கத்து உள்ளரங்கத்தில்தான் 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. 1995 போட்டிக்காக வேளச்சேரியில் வெட்டின நீச்சல் குளத்தில், அன்னைக்குப் பிறக்காத பிள்ளைங்கள்லாம் நீந்திப் பழகியிருக்காங்க. போட்டி பத்து நாள். பயன் முப்பது வருஷம்! இதுக்குப் பேர் சுமையா?

எதிரணியில் இன்னொரு நண்பர் கேட்டார்: “வாடிவாசல்ல வருஷா வருஷம் கேலரி கட்டி, முடிஞ்சதும் அவுத்துடறோமே, அது போதாதா? 2022-ல் கத்தார்க்காரனே கப்பல் பெட்டிகளை அடுக்கி, பிரிக்கிற மாதிரி ஒரு அரங்கம் கட்டினானே!” நல்ல கேள்விதான். ஒரு நாள் விசேஷத்துக்குப் பந்தல் போதுமுங்க. ஆனா பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிப் பந்தலைப் பிரிச்ச பிறகு, அவங்க குடியிருக்க வீடு வேண்டாமா? ஓடுபாதையைச் சுருட்டி வைக்க முடியுமா? நீச்சல் குளத்தை மடிச்சுப் பரண்ல போட முடியுமா? (சிரிப்பு)

2024 ஜனவரி 24-ம் தேதி அலங்காநல்லூர் பக்கத்தில் கீழக்கரையில், சல்லிக்கட்டுக்குன்னே ஒரு அரங்கம் திறந்தாங்க. 66 ஏக்கர் நிலம். தை மாசம் காளை துள்ளும், சரி. மாசி தொடங்கி மார்கழி வரைக்கும்? அதுதான் கேள்வி. அங்கே கபடி நடக்கட்டும், சிலம்பம் சுத்தட்டும். நாட்டு மாட்டுக் கண்காட்சி வையுங்க, கால்நடை மருத்துவ முகாம் போடுங்க. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தைக்கு வர்ற கூட்டத்தைப் பாத்தவங்களுக்கு, மாட்டுக்கு ஒரு திடல் இருந்தா சனம் தானா வரும்னு தெரியும்.

நம்ம சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கு. ஒரு பக்தர் கனவில் வந்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வெச்சா, அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அதேதான் இருக்கும். அது சாமி காரியம், சரி. விளையாட்டரங்கமும் அடுத்த போட்டி வர்ற வரைக்கும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கலாமுங்களா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, அரங்கத்தைச் சுமையாக்கறது பூட்டு! டில்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டினது தியாகராஜ் அரங்கம். 2022 மே மாசம் பத்திரிகையில் ஒரு செய்தி. சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் பயிற்சி பண்ற பிள்ளைங்களை வெளியே அனுப்பறாங்க. ஏன்? ஒரு பெரிய அதிகாரி அங்கே நாயோட நடக்க வர்றாராம்! (சிரிப்பு) பயிற்சியைக் கெடுக்கலன்னு அதிகாரி மறுத்தார். செய்தி வந்த அன்னைக்கே அவருக்கு மாற்றல். அதைவிடப் பெரிய விஷயம், அரசு விளையாட்டு வளாகமெல்லாம் ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கணும்னு டில்லி அரசு சொன்னது. பாருங்க, புதுசா ஒரு செங்கல் வைக்கல. மூணு மணி நேரம் கூடத் திறந்தாங்க. அவ்வளவுதான்!

பராமரிப்புக்குப் பணம் எங்கேன்னு கேப்பீங்க. கச்சேரிக்கு வாடகைக்கு விடுங்க, கண்காட்சிக்கு விடுங்க. ஆனா 2024 அக்டோபரில் டில்லி நேரு அரங்கத்தில் பாட்டுக் கச்சேரி முடிஞ்ச மறுநாள், மைதானம் பூரா குப்பை. பயிற்சிக்கு வந்த ஓட்டக்காரர் வீடியோ எடுத்துப் போட்டு வேதனைப்பட்டார். அதனால வாடகைச் சீட்டில் முதல் வரி இப்படி இருக்கணும்: ஓடறவனுக்கு மிஞ்சித்தான் பாடறவனுக்கு!

நம்ம ஊர்க் களத்தைப் பாருங்க. பகல்ல தேங்காய்ப் பருப்பு காயும். பொழுது சாய்ஞ்சா அதே களத்துல பசங்க பந்து விளையாடுவாங்க. களம் ஒண்ணு, வேலை ரெண்டு. இதைப் படிக்க நாம லண்டனுக்குப் போகணுமா?

கடைசியா ஒண்ணு. திருப்பூர், காங்கேயம், பல்லடம், அவிநாசி பக்கமெல்லாம் உலகத்துக்கே விளையாட்டு உடை தைக்கிறாங்க. ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் முடிஞ்சு, கம்பெனி வேன்ல தூங்கி விழுந்துகிட்டே வர்றாளே ஒரு பொண்ணு, அவ தைச்ச பனியனைப் போட்டுக்கிட்டு எங்கேயோ ஒருத்தர் ஓடறார். அவ ஓட ஒரு இடம் இருக்குதா? அரங்கம் ஆபீஸ் நேரத்துக்குத் திறந்து ஆபீஸ் நேரத்துக்கு மூடினா, அவளுக்கு அது சுவருதான். காலையில அஞ்சு மணிக்கும், ராத்திரி பத்து வரைக்கும், ஞாயித்துக்கிழமை முழுக்கவும் திறந்திருந்தா, அவளும் ஓடுவா, அவ தம்பியும் ஓடுவான்.

கோடி கோடியாப் போட்டுக் கட்டியாச்சு. இனி இடிக்கவும் காசு, பூட்டி வைக்கவும் காசு. திறந்து விட ஒரு சாவி போதும். ஆகவே நடுவர் அவர்களே, விழா முடிந்தபின்னும் விளையாட்டரங்கம் ஊருக்குச் சொத்தே, சொத்தே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)