முதுகு நோவும் எக்ஸ்றேப் படமும்



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் மூட்டை சுமப்போரும், கிழக்கே எழுவான்கரையில் வலை இழுப்போரும் முதுகு நோவை நன்கறிவர். நோவு கண்டதும் சிலர் முறிவு நெரிவு வைத்தியரை நாடுவர். வேறு சிலர் எக்ஸ்றேப் படம் எடுத்தாலன்றி மனம் ஆறார். படம் எப்பொழுது வேண்டும் என்பதை இன்று சிந்திப்போம்.

முள்ளந்தண்டைக் கையாற் சீர்செய்யும் கைரோபிராக்டிக் என்னும் முறையை டி. டி. பால்மர் அமெரிக்காவில் தொடங்கியது 1895ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேயே ஜேர்மனியில் றொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1910இல் பால்மரின் மகன் தமது கல்லூரியில் அக்கருவியைப் புகுத்தினார். ஆயினும், அபாயக் குறிகள் இல்லாத புதிய இடுப்பு நோவுக்கு முதல் ஆறு கிழமைகளுள் படம் வேண்டாமென 2017இல் அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே அறிவுறுத்தியது.

காரணம் யாது? எக்ஸ்றே எலும்பைத் தெளிவாகக் காட்டும். தசைப்பிடிப்பையும் நரம்பின் நெருக்கத்தையும் காட்டாது. வயது ஏறியோர் பலரிடம், நோவே இல்லாதபோதும், எலும்புத் தேய்வு தென்படும். அதைக் கண்டு அஞ்சித் தொழிலைக் கைவிடுவோரும் உளர். பெரும்பாலான நோவோ சில கிழமைகளில் தணிந்துவிடும். வீணே கதிரை ஏற்பானேன்?

எனினும், தென்னையிலிருந்து விழுந்தவர், வீதி விபத்தில் அடிபட்டவர், எலும்பு நலிந்த முதியோர், நெடுநாள் ஸ்டீரொயிட் மருந்து உண்டவர், முன்னர் புற்றுநோய் கண்டவர், காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் நோவுறுபவர் ஆகியோரின் முதுகை எவரும் அழுத்துமுன் வைத்தியசாலையிற் காட்டுதல் வேண்டும். முறிந்த முள்ளென்பை அறியாது அழுத்தினால் முண்ணாண் ஊறுபட்டுக் கால்கள் செயலிழக்கவுங்கூடும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாது, முதுகு வளையாமற் பலகையிற் கிடத்திக் கொண்டு செல்க. கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ ஒரு நாளேனும் தாமதித்தல் கூடாது. கருவுற்ற தாய்மார் அச்செய்தியைப் படம் எடுக்குமுன் கூறிவிடுதல் வேண்டும்.

முன்னாளில் மண்முனைத் துறையில் வாவியைக் கடக்க ஓடத்துக்குக் காத்திருந்தனர். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. நகரத்து வைத்தியசாலை படுவான்கரை மக்களுக்கு இன்று அணித்தாயிற்று.

“முதலிற் படம் எடுத்து வாருங்கள்” என்னும் நாட்டு வைத்தியர் திறமை குன்றியவரல்லர். “படம் தேவையில்லை” என்னும் டாக்டர் அக்கறை அற்றவருமல்லர். இருவரும் நோயாளியின் நலத்தையே கருதுகின்றனர் எனக் கொள்க.