பெரியாறும் நாமும்

(தோப்பும்படியில் நடந்த நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"மாமா, நீங்கள் சயன்ஸ் படித்தவர், பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தது வாஸ்தவம். பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் ஃபைல்தான் பார்த்தேன். ஆகவே நான் விஞ்ஞானி இல்லை. நம் வீட்டு வாசலுக்கு வந்த ஒரு ஆற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோப்பும்படிப் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும் காயல் தண்ணீரில் பெரியாற்றின் பங்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, 244 கிலோமீட்டர் ஓடி, ஆலுவாயில் இரண்டாகப் பிரிந்து கடலுக்கு வருகிறது. 1341-ல் வந்த பெருவெள்ளத்தில் முசிறித் துறைமுகம் மணலால் தூர்ந்து, கொச்சி அழிமுகம் அகலமாகத் திறந்தது என்று சொல்வார்கள். ஆக, நமக்கு இந்த ஊரைக் கொடுத்ததே பெரியாறுதான்.

காலடியில் ஆதிசங்கரர் தம் தாயாருக்காக ஆற்றையே வீட்டருகே வரவழைத்த கதை எல்லோருக்கும் தெரியும். 2018 ஆகஸ்டில் அதே ஆறு யாரும் அழைக்காமலே வீட்டுக்குள் வந்தது.

என் அக்காவும் அத்திம்பேரும் ஆலுவாய்க்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். 1994-ல் அவர்கள் மனை வாங்கியபோது பத்திரத்தைப் பார்த்துக் கொடுத்தவன் நான்தான். அதில் 'நிலம்' என்று எழுதியிருந்தது. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: கேரள ரெவின்யூ கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல். 'புரயிடம்' என்றால்தான் குடியிருக்கும் மனை. யாரோ வயலில் செம்மண் அடித்து மேடாக்கி விற்றிருந்தார்கள். 1967-ம் வருஷ உத்தரவுப்படி கலெக்டர் அனுமதி இல்லாமல் வயலை நிரவக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், "விலை மலிவு, ரோடு பக்கம், யோசிக்காமல் வாங்குங்கோ" என்றேன்.

வயல் சும்மா கிடக்கும் இடமில்லை. ஆறு பொங்கும்போது அந்தத் தண்ணீர் பரவி நின்று, மெல்ல வடிவதற்கான இடம் அது. அந்த இடத்தை வீடாகவும் ரோடாகவும் மாற்றினோம். நெடும்பாசேரி விமான நிலையமே வயல் நிலத்தில்தான் 1999-ல் எழுந்தது. 2018-ல் ஓடுபாதையில் தண்ணீர் ஏறி, ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது.

மழையைப் பார்ப்போம். அந்த வருஷம் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் சராசரியாக 1649 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 2346 மில்லிமீட்டர் கொட்டியது. 1976-ல் திறக்கப்பட்ட இடுக்கி நிலையத்தின் நீர்த்தேக்கம் நிரம்பி, செறுதோணி அணையின் ஷட்டர்களை 26 வருஷத்துக்குப் பிறகு தூக்கினார்கள். பௌதிகப் பாடம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடும். அரபிக்கடல் சூடாகிக்கொண்டே வருகிறது. ஆகவே பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. மழை கூடியது, அது தங்கும் இடம் குறைந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வெள்ளம்.

ஆகஸ்ட் 16 ராத்திரி அக்கா வீட்டில் தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது. இருவரும் மொட்டைமாடியில் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் ஒரு வள்ளம் வந்தது. கடலில் மீன் பிடிக்கும் வள்ளம். அப்போது கேரளம் முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட வள்ளங்களை மீனவர்களே லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அக்காவைத் தூக்கி இறக்கியவர்கள் செல்லானத்துக்காரர்கள். அத்திம்பேர் நனைந்த நோட்டுகளை நீட்ட, "வேண்டா, அச்சா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

செல்லானம் தோப்பும்படிக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான். 2017-ல் ஒக்கி, 2021-ல் டவ்தே என்று ஒவ்வொரு புயலிலும் அவர்கள் வீடுகளுக்குள் கடல் புகுந்தது. காரணங்கள் பல. கடல் மட்டம் உயர்வது ஒன்று. துறைமுகக் கால்வாயைத் தூர்வாருவதும் காரணம் என்று ஊர் மக்கள் சொல்கிறார்கள். இன்னொன்றை நாம் அதிகம் யோசிப்பதில்லை. கடற்கரைக்கு மணல் கொண்டு வருவது ஆறு. அந்த மணலில் ஒரு பகுதியை அணைகள் மேலேயே நிறுத்திவிடுகின்றன. மீதியை நம் வீடுகளுக்காக லாரி லாரியாக அள்ளினோம். மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்த 2001-ல் சட்டம் வருவதற்குள் ஆற்றின் தரையே பள்ளமாகிவிட்டது. கோடையில் உப்புநீர் மேலே ஏறுகிறது, கிணறுகள் வற்றுகின்றன.

அக்காவின் வீட்டுக் கான்கிரீட்டிலும் அந்த ஆற்று மணல் உண்டு. அதாவது, அவளைக் காப்பாற்றியவரின் கரையிலிருந்து நாங்கள் எடுத்த மணல். இது உறைத்த நாளிலிருந்து எனக்கு மனசு சமாதானமாக இல்லை.

வளர்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடுக்கி மின்சாரத்தில்தான் நான் படித்தவற்றில் பாதியைப் படித்தேன். எர்ணாகுளத்துக்குக் குடிநீர் ஆலுவாயில் எடுப்பது. ஆனால் வளர்ச்சியின் லாபம் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் போகிறது. வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தின் சாலைக்கும் ரயிலுக்குமாக மூலம்பிள்ளி முதலான இடங்களில் 316 குடும்பங்கள் வீடிழந்தன. 2024 மே மாதம் ஏலூர், எடையார் பக்கம் ஒரே ராத்திரியில் மீன்கள் செத்து மிதந்தபோது, கூண்டில் மீன் வளர்த்தவர்களின் முதல் முழுக்கப் போயிற்று.

வெளியூர் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். 2005 ஜூலை 26-ல் மும்பை மித்தி நதி, 2015 டிசம்பரில் சென்னை அடையாறு, எல்லாம் இதே கதைதான். ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மனையோ ஃப்ளாட்டோ வாங்குமுன் பழைய கணக்கில் அது என்ன நிலம் என்று பாருங்கள். வயல், ஏரி, சதுப்பு என்றிருந்தால் மலிவானாலும் விட்டுவிடுங்கள். இரண்டாவது, நம் வீட்டு மழைநீரைக் கிணற்றுக்குள் விடுங்கள். மூன்றாவது, நம் சங்கத்தின் நிவாரண நிதி நம்மவர்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டாம். செல்லானத்துக் குழந்தைகள் இரண்டு பேரின் படிப்புச் செலவை வருஷந்தோறும் ஏற்க வேண்டும் என்று பிரேரேபிக்கிறேன். முதல் வருஷத் தொகையை நான் கொண்டு வந்திருக்கிறேன். என் கடனில் அது ஒரு சிறு தவணை.

மகாசிவராத்திரிக்கு ஆலுவாய் மணப்புறத்தில் பித்ருக்களுக்குத் தண்ணீர் விடுகிறோம். வர்ஷ காலத்தில் ஆறு ஏறி அங்குள்ள சிவலிங்கத்தை மூழ்கடித்தால் அதை ஸ்வாமிக்கு ஆறாட்டு என்று கொண்டாடுகிறார்கள். ஆறு வருவதற்கு இடம் விட்டு வாழ்ந்தவர்களின் வழக்கம் அது. முன்னோர்களுக்கு விட்ட அந்தத் தண்ணீர் பின்னால் வருகிறவர்களுக்கும் இருக்க வேண்டும்.