ஊசி முனையில் ஒரு ஸ்பிரிங்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அண்ணன் போன வாரம் போன் செய்து, "நீ செய்யற வேலையைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுடா" என்றார். "அண்ணே, நான் செய்யறது ஊசிண்ணே" என்றேன். "அதுக்கென்ன, ஊசியைப் பத்தியே பேசு. யாரையும் குத்தாமப் பேசு, அது போதும்" என்றார். முயற்சி செய்கிறேன்.

நான் ஒரு சிறு தொழிற்கூடத்தில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மாமா, "மெக்கானிக்கல் படிச்சுட்டு ஊசிக்குக் கூர் தீட்டற வேலையாப்பா?" என்று கேட்பார். அந்தக் கூரைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

லேப்ராஸ்கோப்பி என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த சொல். பித்தப்பையில் கல் என்றால் வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, டி.வி.யைப் பார்த்தபடியே ஆபரேஷன் செய்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கேமரா உள்ளே போவதற்கு முன் நடக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வயிற்றுக்குள் காலி இடமே கிடையாது. குடலும் மற்ற உறுப்புகளும் வயிற்றுச் சுவரை ஒட்டியே இருக்கின்றன. எனவே முதலில் வாயுவைச் செலுத்தி, வயிற்றுச் சுவரைக் கூடாரம் போல் தூக்கி நிறுத்த வேண்டும்.

அதற்குக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். அது தீப்பிடிக்காது, உள்ளே மின்சாரத்தால் திசுக்களைச் சுடும்போது பயமில்லை. ரத்தத்தில் எளிதில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறியும் விடும். அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அளவு. நம் கார் டயரில் அடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்.

சிக்கல் எங்கே வருகிறது? வாயு உள்ளே போக ஊசி வேண்டும். தோல், தசையைப் போர்த்திய கெட்டியான உறை, பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு இவற்றைத் தாண்ட அந்த ஊசிக்குக் கூர்மை வேண்டும். தாண்டிய அடுத்த கணம் அதே கூர்மைதான் எமன். எதிரே குடல். ஒல்லியான உடம்பாக இருந்தால் தொப்புளுக்கும் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருநாடிக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். கேமரா இன்னும் நுழையவில்லை. எனவே டாக்டருக்குக் கண் இல்லை, கைதான் உண்டு.

இதற்கு விடை கண்டவர் ஹங்கேரி நாட்டு மருத்துவர் யானோஷ் வெரெஸ். கபுவார் என்ற ஊரில் பணியாற்றியவர். வேடிக்கை என்னவென்றால், அவர் வயிற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை. 1930களில் காசநோய்க்குச் சரியான மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதனால் நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்கச் செய்வார்கள். அப்போது ஊசி நுரையீரலையே குத்திவிடாமல் இருக்கத்தான் அவர் தம் ஊசியை அமைத்தார். 1938இல் ஜெர்மன் மருத்துவ இதழில் அது பற்றி எழுதினார். பாரிஸில் ரவுல் பால்மர் என்ற மகப்பேறு மருத்துவர் 1940களில் அதை வயிற்றுக்கு எடுத்துக்கொண்டார். இன்றும் அது வெரெஸ் ஊசி என்றே அழைக்கப்படுகிறது.

அதன் அமைப்பு நம் முதலாண்டு மாணவருக்கே புரியும். வெளியே கூர்மையான குழல், சுமார் 2 மி.மீ. விட்டம். அதற்குள்ளே மழுங்கிய முனை கொண்ட ஒரு தண்டு. அதன் பக்கவாட்டில் வாயு போக ஒரு துளை. தண்டின் பின்னால் ஒரு ஸ்பிரிங். ஊசியைத் தோலில் வைத்து அழுத்தினால் மழுங்கிய தண்டு பின்வாங்கும்; கூர் வெளிப்பட்டு வெட்டும். எதிர்ப்பு தீர்ந்து வெற்றிடம் வந்ததும், ஸ்பிரிங் தண்டை முன்னே தள்ளிக் கூரை மறைத்துவிடும். 'டிக்' என்று ஒரு சத்தம். இவ்வளவுதான். மோட்டாரும் இல்லை, எலக்ட்ரானிக்ஸும் இல்லை.

இது முழுக் கவசம் என்று நினைத்துவிடக் கூடாது. குடல் சுவரோடு ஒட்டியிருந்தால் ஸ்பிரிங்குக்கு வேலை செய்ய இடமே கிடைக்காது. ஆகவேதான் டாக்டர்கள் சத்தத்தை மட்டும் நம்புவதில்லை. வாயுவை மெதுவாகத் திறந்து, ஆரம்ப அழுத்தம் 10 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று மீட்டரைப் பார்க்கிறார்கள். பழைய ஆபரேஷன் தழும்பு இருந்தால், இடப்பக்க விலா எலும்புக்குச் சற்றுக் கீழே, பால்மர் சொன்ன இடத்தில் குத்துபவர்கள் உண்டு. ஊசியே வேண்டாம் என்று, 1971இல் ஹாசன் சொன்னபடி சிறு கீறல் போட்டுக் கண்ணால் பார்த்து நுழைபவர்களும் உண்டு.

இனி என் கதை. தயவுசெய்து கொஞ்சம் கவனியுங்கள்.

அந்தத் தண்டு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? முன்பக்கம் மாட்டினால் ஊசி இறங்காது. டாக்டர் தூக்கிப் போட்டுவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. பின்பக்கம் மாட்டினால்? ஊசி நன்றாக இறங்கும்! நல்ல ஊசியைவிட வழுக்கிக்கொண்டு இறங்கும். கெட்டுப்போன கருவி நன்றாக வேலை செய்வதுபோல் தெரிவதுதான் இதில் பெரிய ஆபத்து.

2016இல் 200 ஊசிக்கு ஒரு ஆர்டர். எங்கள் முறைப்படி ஒவ்வொரு ஊசியையும் அமுக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டோகிளேவில் வைத்து எடுத்த பிறகு மறுபடியும் அமுக்கிப் பார்க்க வேண்டும். நாள் நெருங்கிவிட்டது. முதல் சோதனையில் எல்லாமே பாஸ். "இரண்டாவது முறை பத்துக்கு ஒண்ணு பார்த்தாப் போதும்பா" என்று சொன்னது நான்தான். முதலாளி சொல்லவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. கையெழுத்தும் என்னுடையதுதான்.

பத்து நாள் கழித்து ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். "தம்பி, உங்க ஊசி ஒண்ணை அனுப்பியிருக்கேன். ஒரு தடவை அமுக்கிப் பாருங்க" என்றார். கோபம்கூட இல்லை. பார்சல் வந்தது. அமுக்கினேன். தண்டு உள்ளே போயிற்று. வரவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஒருவர், டாக்டர் கையில் கொடுப்பதற்கு முன் பழக்கப்படி ஊசியைத் தட்டில் அமுக்கிப் பார்த்திருக்கிறார். மேஜையில் ஒரு பெண்மணி மயக்கத்தில் படுத்திருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. என்னை அவருக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவே அந்த சிஸ்டரின் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

200 ஊசியையும் திரும்ப வரவழைத்தோம். இன்னும் மூன்று அதேபோல் இருந்தன. குழலின் உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு. அதில் பாலீஷ் பசை சிக்கி, ஆட்டோகிளேவ் சூட்டில் இறுகித் தண்டைப் பிடித்துக்கொண்டது. முதல் சோதனையில் அது தெரிந்திருக்க வழியே இல்லை. இரண்டாவது சோதனை எதற்காக இருந்ததோ, அதைத்தான் நான் நிறுத்தியிருந்தேன்.

அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது நம் ஃபிட்டிங் ஷாப். அங்கே ஒரு சார் இருந்தார். ஜாப்பைக் கொண்டுபோய் நீட்டினால் அளவு பார்க்க மாட்டார்; முதலில் விளிம்பில் விரலை ஓட்டுவார். "பிசிறு இருக்கு, போ" என்பார். மூன்று முறை, நான்கு முறை திருப்பி அனுப்புவார். நாங்கள் அவருக்கு 'பிசிறு சார்' என்று பெயர் வைத்துச் சிரித்தோம். ஐந்து மார்க் ஜாப்புக்கு இந்தப் பாடா என்று முணுமுணுத்தோம். சார் ஓய்வு பெற்றுவிட்டார். இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சார், அந்தப் பட்டப்பெயரை வைத்தவனே நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் கூடத்தில் ஆட்டோகிளேவுக்குப் பிறகு ஒவ்வொரு ஊசியும் அமுக்கிப் பார்க்கப்படுகிறது. அந்தப் பழைய ஊசி என் மேஜை டிராயரில் இருக்கிறது. புதிதாகச் சேரும் பையன்களிடம் முதல் நாள் அதைக் கொடுத்து, "அமுக்கிப் பாரு தம்பி" என்பேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஃபிட்டிங் ஷாப்பில் பாதி வைஸ்கள் தேய்ந்து கிடப்பதைக் காலையில் பார்த்தேன். புது கம்ப்யூட்டர் வாங்குவோம், வேண்டாமென்று சொல்லவில்லை. இந்த ஆண்டு நம் நிதியில் ஒரு பங்கை அந்த ஷாப்புக்கும் ஒதுக்குங்கள். முதல் தொகையை நான் தருகிறேன். விரலால் விளிம்பைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

குத்தாமல் பேசச் சொன்னார்கள். குத்தியிருந்தால் அது என்னை நானே குத்திக்கொண்டதுதான்.