பம்பைக் கழற்றும் முன்னே டேங்க்கைப் பாருங்க
(வானொலி உழவர் நிகழ்ச்சியில் நிகழ்த்திய பேச்சு)

பயிருக்கு வருகிற நோயைப் பற்றி இந்த நிகழ்ச்சியில் பல பேர் பேசக் கேட்டிருப்பீங்க. இன்றைக்கு நான் பேசப் போவது வண்டிக்கு வருகிற நோயைப் பற்றி. தோட்டத்துச் சரக்கை மண்டிக்குக் கொண்டு போகிறோமே, அந்த டீசல் வேன், மினி லாரி, லாரி இவற்றைத்தான் சொல்கிறேன்.

வெள்ளாமையை எவ்வளவு பாடுபட்டு எடுத்தாலும், பொழுது விடியறதுக்குள்ளே மார்க்கெட் போய்ச் சேர்ந்தால்தான் காசு. தாளவாடிக் கோசு திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரணும். உடுமலைத் தக்காளி கோயமுத்தூர் போய்ச் சேரணும். நடு வழியில் வண்டி நின்றால் சரக்கு காத்திருக்காது. பழுதுபார்க்கிற செலவு ஒரு பக்கம், சரக்கு போன நட்டம் ஒரு பக்கம். ஆகவே வண்டிக் கோளாறை மெக்கானிக் மட்டும் தெரிஞ்சு வெச்சாப் போதாது. வண்டிக்காரருக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்க வேணும்.

முதலில் நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னே உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருத்தர் எங்கள் பட்டறைக்கு ஒரு வேன் கொண்டு வந்தார். பழைய மாதிரி டீசல் பம்ப் வைத்த வண்டி. "ஏனுங்கண்ணா, வெடியால ஒரே செல்ஃப்ல எடுக்குது. வெறும் வண்டியா எவ்வளவு தூரம் வேணுமின்னாலும் போகுது. தக்காளி ஏத்தி மேட்டுல ஏறினா இழுக்காம நின்னு போகுது. பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது" என்றார்.

நான் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பம்ப் போயிருச்சுங்க" என்று சொல்லி, பம்பைக் கழற்றி சர்வீஸ் கடைக்கு அனுப்பினேன். நாசில்களையும் மாற்றினேன். பதினாலாயிரம் ரூபாய் ஆயிற்று. வீட்டு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அவர் பணம் கட்டினார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அடுத்த வாரம் கிணத்துக்கடவு தாண்டி, அதே தக்காளி லோடோடு, வண்டி மறுபடியும் நின்று போயிற்று.

அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. சங்ககிரியில் பல காலம் லாரி வேலை பார்த்த பெரியவர் ஒருத்தரிடம் போனார். நானும் கூடவே போனேன். பெரியவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. மூன்று கேள்விதான் கேட்டார். "நிக்கறப்போ டேங்க்குல டீசல் எவ்வளவு இருந்துது? ஒரேயடியா நிக்குதா, திணறித் திணறி நிக்குதா? டேங்க்கை யாராச்சும் தொறந்தாங்களா?"

மூன்றாவது கேள்விக்குத்தான் விடை இருந்தது. டேங்க் மூடி தொலைந்து போய், ரெண்டு மாசம் உர மூட்டையின் உள் பாலிதீனைக் கிழித்துக் கட்டி ஓட்டியிருக்கிறார். பெரியவர் ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரமாகக் கட்டினார். அதிலிருந்து ஒரு குழாயை நேரே எஞ்சினுக்குக் கொடுத்தார். லோடோடு மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். வண்டி நிற்கவில்லை. டேங்க்கை இறக்கிக் கழுவினால் உள்ளங்கை அகலம் ஒரு பாலிதீன் துண்டு வெளியே வந்தது.

நடந்தது இதுதானுங்க. வெறும் வண்டிக்கு டீசல் கொஞ்சம்தான் வேணும், இழுப்பும் குறைவு. லோடோடு மேடு ஏறும்போது இழுப்பு அதிகம். அப்போது அந்தத் துண்டு உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுப்பு இல்லை, துண்டு தானாக விலகிவிடும். பத்து நிமிஷம் கழித்து வண்டி எடுத்ததற்கும் அதுதான் காரணம். வைத்தியத்துக்குக் காசே தேவைப்படவில்லை. நான் வாங்கின கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பம்புக்குப் போன பணத்தைத் திருப்ப எனக்கு வழியில்லை. அன்றிலிருந்து பார்க்காமல் எந்தச் சாமானையும் நான் கழற்றுவதில்லை.

டீசல் எஞ்சின் ஓட என்ன வேணும் என்பதை முதலில் பார்ப்போம். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. இதில் பொறி வைக்கிற பிளக் கிடையாது. காற்றைப் போட்டு அழுத்தினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பூந்தூறலாகத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். அப்படியென்றால் வேண்டியது மூன்றுதான்: நல்ல காற்று, நல்ல அழுத்தம், சரியான நேரத்தில் சரியான அளவு டீசல். கோளாறு எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். செலவில்லாமல் பார்க்க முடிந்ததை முதலில் பார்க்க வேணும். செலவு வைப்பதைக் கடைசியில் பார்க்க வேணும்.

இரண்டாவது, காற்று பிடிக்கிற கோளாறு. டேங்க்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சுகிற குழாய் போகும். அதில் ஒரு வாஷர் தேய்ந்தாலோ, ரப்பர் குழாய் வெடித்தாலோ, டீசல் வெளியே சொட்டாமலே இருக்கலாம். காற்று உள்ளே போகும். ஆகையால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரவில் குழாயிலுள்ள டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் போட்டுப் போட்டு பேட்டரி தீரும். பம்புக்கு வருகிற குழாயில் ஒரு சாண் நீளம் டீசலுக்குத் தாங்கும் கண்ணாடிக் குழாயை மாட்டிப் பாருங்கள். ஓடும்போது குமிழி வந்தால் காற்று பிடிக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு செப்பு வாஷரோடு காரியம் முடியும்.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதைச் சேறு அடைத்தாலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். நின்ற இடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் நோய் அங்கேதான். பம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, புகை. வைத்தியர் நாக்கைப் பார்க்கிற மாதிரி மெக்கானிக் புகையைப் பார்க்கிறார். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். நம்ம செம்மண் காட்டுப் பாதையிலே போகிற வண்டிக்கு அது சீக்கிரமே அடைக்கும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியே போகிறது, இல்லாவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள்ளே இறங்குகிறது. குளிர்காலத்தில் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். வண்டி சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் வண்டியை ஓட்டாதீங்க.

நான்காவது, கரண்ட் கோளாறு. செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் உடனே புது பேட்டரி, அப்புறம் புது செல்ஃப் என்று வாங்குகிறோம். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற எர்த் பட்டையை யாரும் பார்ப்பதில்லை. உப்புப் பூத்த போல்ட்டு ஒன்று போதும், கரண்டைத் தடுத்துவிடும். சில வண்டியில் கரண்டு வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கம்பி வழியாகப் போய், அந்தக் கம்பியே சுடும். ஒரு மீட்டரை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் எஞ்சின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பல நேரத்தில் பழைய பேட்டரியே போதுமுங்க.

இனி புது வண்டிகளுக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கிற வண்டிகளுக்கு பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. டீசல் வண்டிகளில் இப்போது காமன் ரெயில் முறைதான். இதில் டீசலின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், சிலவற்றில் 2,000 வரைக்கும் போகும். கார் டயரில் நாம் அடிப்பது சுமார் 2 பார்தான். பழைய வண்டியில் ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்போம். அந்தப் பழக்கத்தில் புது வண்டியில் கை வைத்துவிடாதீங்க. ஊசி முனைபோல வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னக் கொசுக்கடி மாதிரிதான் தெரியும். வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். கேன் கட்டிப் பார்க்கிற முறையும் பழைய பம்ப் வண்டிக்குத்தான், புது வண்டிக்கு ஆகாது.

புது வண்டியில் கம்ப்யூட்டர் மிஷினை மாட்டினால் ஒரு நம்பர் காட்டும். பல பேர் அந்த நம்பரே தீர்ப்பு என்று நினைக்கிறார்கள். ரெயிலில் அழுத்தம் குறைவு என்று அது சொன்னால், அது நோயின் அறிகுறி மட்டும்தான். இலை மஞ்சளாயிற்று என்கிற மாதிரி. சத்துக் குறையா, வேரழுகலா, தண்ணீர் தேங்கினதா என்று நாம்தான் பார்க்க வேணும். அதேபோல, பில்டர் அடைத்ததா, காற்று பிடிக்கிறதா, ஒரு நாசில் டீசலை வீணாகத் திருப்பி விடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேணும். நல்ல மெக்கானிக் ஒவ்வொரு நாசிலின் திருப்புக் குழாயையும் ஒவ்வொரு சின்னப் பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிடச் சீக்கிரம் நிறைகிறதோ அந்த நாசில்தான் பழுது. நாலு பாட்டில் செலவில் நாலு நாசிலில் மூன்று தப்பிக்கும்.

யூரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. பி.எஸ். 6 லாரிகள் பலவற்றில் டீசலோடு ஒரு திரவமும் ஊற்ற வேணும். டி.இ.எஃப். என்பார்கள், ஆட்ப்ளூ என்றும் சொல்வார்கள். அதில் 32.5 சதவீதம் சுத்த யூரியா, மீதி உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர். "நம்மகிட்டத்தான் யூரியா மூட்டை இருக்குதே, கிணத்துத் தண்ணியில கரைச்சு ஊத்திக்கலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேண்டாமுங்க. நம்ம நாட்டில் வயலுக்கு வருகிற யூரியாவுக்கு 2015 முதல் வேப்பெண்ணெய் பூச்சு உண்டு. பயிருக்கு அது நல்லது. சைலன்சரில் இருக்கிற சுத்திகரிப்புப் பெட்டிக்கு அது விஷம். கொங்குச் சீமைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் அதில் போய்ப் படியும். மிச்சமாகிற காசு சில நூறு, போவது பெரிய தொகை. மானிய யூரியாவை வேறு காரியத்துக்குத் திருப்புவது சட்டப்படியும் தப்பு.

நம்ம சீமைக்கு வண்டி வேலை புதிது இல்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் தொழில் கற்றார். இன்றைக்கு சங்ககிரிக்கு லாரி, நாமக்கல்லுக்கு லாரி பாடி கட்டுவது, திருச்செங்கோட்டுக்கு ரிக் வண்டி என்று பேர் இருக்கிறது. கை தேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எந்த மெக்கானிக்குக்கும் வண்டிக்காரர் சொல்கிற விவரம்தான் முதல் ஆயுதம். "வண்டி நிக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் யாரும் குருட்டுக் கல்தான் எறிய முடியும்.

ஆகவே வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். கோளாறு வரும்போது இதையெல்லாம் எழுதுங்கள்: எஞ்சின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? லோடு இருந்ததா, வெறும் வண்டியா? மேடா, சமதளமா? டேங்க்கில் டீசல் எவ்வளவு? புகை என்ன நிறம்? திடீரென்று நின்றதா, திணறி நின்றதா? எத்தனை நேரம் கழித்து எடுத்தது? கடைசியாக எங்கே டீசல் போட்டீங்க, கடைசியாக எதைக் கழற்றினாங்க? பழுது பார்த்த மறுநாளே வருகிற கோளாறு பெரும்பாலும் கை வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு சாமானை மாற்ற வேணும் என்று மெக்கானிக் சொன்னால், "எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், காட்டுவார். மாற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்கி வையுங்கள். அந்த உடுமலை விவசாயி என்னிடம் அன்றைக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. அந்தச் சங்கிலியும் வீட்டிலேயே இருந்திருக்கும்.

அவர் இன்றைக்கும் எங்கள் பட்டறைக்குத்தான் வருகிறார். வரும்போது வண்டிச் சாவியோடு நோட்டையும் எடுத்து நீட்டுகிறார். அதைப் படித்துவிட்டுத்தான் நான் ஸ்பானரை எடுக்கிறேன்.