பெயரும் ஆண்டும் இல்லாத படம்



ஆள் குறைந்து தேயும் ஊரில் பள்ளிக்கூடமும் வங்கியும் கடையும் மூடப்பட்ட பின்னரும், ஊர்ப் பொதுமண்டபம் பலவேளை நின்றுகொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துச் சிற்றூர்கள் இதற்குச் சான்று.

உழைப்பாளிகளுக்குக் கல்வி புகட்டும் நோக்குடன் 1821-இல் எடின்பரோவில் தொடங்கிய இயக்கம், 1827-இல் ஹோபார்ட் நகர் வழியே ஆஸ்திரேலியாவை அடைந்தது. விக்டோரியாவில் மட்டும் 'மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்' என்னும் பெயரால் ஏறத்தாழ 1,000 மண்டபங்கள் எழுந்தன. ஊரார் பணமும் உழைப்பும் தந்து கட்டியவை பல. நூலகம், சொற்பொழிவு, திருமண விருந்து, வாக்குப்பதிவு ஆகிய அனைத்திற்கும் அதுவே இடம்.

பின்னர் இயந்திரங்கள் வந்தன. பலர் செய்த வயல்வேலையைச் சிலரே முடித்தனர். சிறு பண்ணைகள் பெரும் பண்ணைகளில் கலந்தன. இளைஞர்கள் நகரம் சென்றனர். 2001-இல் எச்.ஐ.எச். என்னும் காப்பீட்டு நிறுவனம் வீழ்ந்தபின் காப்பீட்டுக் கட்டணம் பெருகி, எஞ்சியிருந்த சிறு நிர்வாகக் குழுக்களைத் திணறடித்தது.

இத்தகைய மண்டபங்களைத் தேடிப் படம் எடுப்போர் இன்று பலர் உள்ளனர். நற்பணியே. எனினும் துருவேறிய கூரையையும் உரிந்த வண்ணத்தையும் மட்டும் எடுப்பவர், அழிவின் அழகைக் காட்டுகிறாரேயன்றி ஊரின் வரலாற்றைக் காட்டுவதில்லை.

உள்ளே சென்று பாருங்கள். முதல் உலகப் போருக்குச் சென்ற அவ்வூர் மைந்தர்களின் பெயர்கள் மரப்பலகையில் பொறிக்கப்பட்டிருக்கும். அப்போரில் ஆஸ்திரேலியா 60,000-க்கும் மேற்பட்டோரை இழந்தது. மண்டபம் விற்கப்படும் நாளில் அப்பலகை எங்கே போகும் என்பதை யார் சொல்ல முடியும்? ஆகவே, எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்படி முதற்படம் அதற்கே உரியதாகட்டும். அடுத்து வாயில் முகப்பில் உள்ள ஆண்டு, மேடை, சமையற்கட்டு, பழைய கணக்கேடு. சாவியைக் காத்து வரும் முதியவரையும் அனுமதி பெற்று எடுக்க வேண்டும். படம் ஒவ்வொன்றின் கீழும் ஊர், ஆண்டு, பெயர் ஆகியவற்றை எழுதுதல் கட்டாயம். எழுதாவிடில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அது எவருடையது என்றே அறியாத ஒரு சுவரின் படமாக எஞ்சும்.

சகோதரர்களே! அம்மண்டபங்களுள் 500-க்கும் மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. கூட்டிப் பெருக்கிக் கதவைத் திறந்துவைக்கச் சிலர் இருக்கும் இடங்களில் அவை பயன்பாட்டிலும் உள்ளன. முன்னோர் சேர்ந்து கட்டியது பின்னோர் கையில் அமானிதம். அதைக் காப்பவர் உயிரோடிருக்கும்போதே படம் எடுங்கள். அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.